ஆளுக்கொரு பெட்டி

வாருங்கள், வாசகர்களே. திருவில்லிபுத்தூரில் சார்பு ஆய்வாளர் கருத்தப்பாண்டியின் வீட்டுக் கூடத்தில் வந்து நில்லுங்கள். இங்கே ஓர் அநீதி நடந்திருக்கிறது. அதற்குச் சாட்சிகள் தேவைப்படுகிறார்கள்.

மூலையில் சுவரோடு ஒட்டி, நெஞ்சளவு உயரத்தில் ஒரு மரப்பெட்டி நிற்கிறதே, அதைப் பாருங்கள். வால்நட் மரத்தின் வரிகள் புகைபோல் மேலெழும்பும் பெட்டி. அதன் தலையில் ஒரு கண்ணாடி ஜாடி. ஜாடியிலிருந்து வழியும் மணி பிளான்ட் கொடி பெட்டியின் முகத்தை மூடியிருக்கிறது. வருகிற விருந்தாளிகள் அதைப் பூச்சாடிப் பீடம் என்றே எண்ணிப் போகிறார்கள். அது பீடம் அன்று. ஒரு காலத்தில் பாடிய பெட்டி. தரையில் ஊன்றி நிற்கும் ஸ்பீக்கர்.

அதன் இணை எங்கே? டவுன் பஸ் ஏறிப் போகிற தூரத்தில், இராஜபாளையத்தில், பாண்டேஜ் துணிக் கட்டுகள் அடுக்கிய கிட்டங்கியில் ஒற்றையாக நிற்கிறது.

இரண்டையும் பிரித்தவன் திருடன் இல்லை. நியாயம் பேச உட்கார்ந்த பெரிய மனிதர்கள் பிரித்தார்கள். திருடியிருந்தால் இரண்டையும் சேர்த்தல்லவா கொண்டு போயிருப்பான்!

இந்த வாரம்தான் நம்மோடு சேர்ந்தவர்களுக்காக நடந்ததைச் சுருக்கிச் சொல்கிறேன். காலஞ்சென்ற சீனிப்பாண்டி படையிலிருந்து ஓய்வு பெற்று வந்தவர். இராஜபாளையத்து நூற்பாலை ஒன்றில் காவல் அதிகாரியாக இருந்தபோது, இயந்திரம் பொருத்த வந்த வெளிநாட்டுப் பொறியாளர் ஊர் திரும்புகையில் விற்றுச் சென்ற ஸ்பீக்கர் சோடியை வாங்கினார். பின்பு சொந்தமாகப் பாண்டேஜ் தறிக்கூடம் வைத்தார். வருவோர் போவோரிடம் ‘ஃபாரின் சாமான்’ என்று தட்டிக் காட்டியதோடு அந்தப் பெட்டிகளில் அவர் அக்கறை முடிந்தது.

வாங்கியவர் தந்தை. கேட்கத் தெரிந்தவள் மகள் வெள்ளத்தாய்.

பெட்டியை மூலையில் தள்ளினால் அடித்தொனி தகரக் கொட்டகையில் இடி விழுந்ததுபோல் குழம்பும் என்று கண்டறிந்து, இரண்டையும் சுவரை விட்டு முன்னே இழுத்தவள் அவள். பெட்டிக்குள் ஒலி எழுப்பும் கூம்பைச் சுற்றியிருந்த நுரை வளையம் பழமையில் பொடிந்து உதிர்ந்தபோது மதுரையிலிருந்து வளையம் வரவழைத்துத் தானே ஒட்டினாள். முகத்துணி கிழிந்தபோது, தங்கள் தறியில் நெய்த பாண்டேஜ் துணியைக் கறுப்புச் சாயத்தில் முக்கி இழுத்துக் கட்டினாள். காயத்துக்குக் காற்றை விடுகிற துணி, பாட்டுக்கும் வழிவிட்டது.

அவள் அடிக்கடி கேட்கும் இசைத்தட்டு ஒன்று உண்டு. காதலர் இருவர் பாடும் பாட்டு. ஸ்டீரியோ புதிதாக வந்த காலத்துப் பதிவு என்பதால், ஆண் குரலை இடப்பெட்டிக்கும் பெண் குரலை வலப்பெட்டிக்குமாக முற்றிலும் பிரித்து வைத்திருந்தார்கள். இரண்டுக்கும் எதிரே சரியான இடத்தில் நாற்காலியைப் போட்டுக் கண்ணை மூடினால் பெட்டிகள் இரண்டும் மறைந்துபோகும். கூடத்தில் இரண்டு மனிதர் நிற்பார்கள். அவன் கேட்பான், அவள் மூச்சிழுப்பது முதலில் கேட்கும், பிறகு பதில் வரும். இடையிலிருந்த வெறுந்தரையில் தபேலா ஒலிக்கும். அங்கே எந்தப் பெட்டியும் கிடையாது. ஒலி மட்டும் அங்கிருந்து வரும்.

திருமணம் வேண்டாம் என்று சொன்னவள், தறிக்கூடத்தை நடத்தியவள், படுக்கையில் விழுந்த தந்தையைக் கடைசிவரை பார்த்தவள். தந்தை மறைந்ததும் நடந்த பாகப்பிரிவினையில் அவள் பெயர் எந்த வரியிலும் வரவில்லை. அண்ணன் கருத்தப்பாண்டிக்கு இன்னது, தம்பி வல்லரசுக்கு இன்னது என்று தாய்மாமன் விஜயபாண்டி வகுத்துக்கொண்டே வந்தார். அண்டா இரண்டு இருந்தால் ஆளுக்கொன்று. கட்டில் இரண்டு இருந்தால் ஆளுக்கொன்று. ஸ்பீக்கரின் முன் வந்ததும் அவர் முகம் மலர்ந்தது.

“ஆம்பளப் பிள்ள ரெண்டு, பெட்டி ரெண்டு. சாமியே கணக்குப் போட்டு வச்சிருக்கு பாத்தீகளா.”

வெள்ளத்தாய் குறுக்கிட்டாள். அவை இரண்டு பொருள் அல்ல, ஒரே பொருள் என்றாள். செருப்பை எவனாவது ஆளுக்கொரு காலாகப் பங்கு வைப்பானா என்று கேட்டாள். கூட்டம் சிரித்தது. சிரித்துவிட்டு, ஆளுக்கொன்றாகப் பங்கு வைத்தது.

கொடுமை அத்தோடு நிற்கவில்லை. இசைத்தட்டு சுழலும் பிளேயரும் தட்டுகளும் மூத்தவருக்கு. அவற்றுக்கு ஈடாக ஆம்ப்ளிஃபயர் இளையவருக்கு. அதனால் திருவில்லிபுத்தூரில் தட்டு உண்டு, ஒலி இல்லை. இராஜபாளையத்தில் ஒலி உண்டு, தட்டு இல்லை. இதற்குப் பெயர் சமபங்காம்!

யாரும் உரிமை கோராத பொருள் ஒன்று மிஞ்சியது. இரண்டு பெட்டிகளையும் ஆம்ப்ளிஃபயரோடு இணைக்கும் கனத்த செம்பு வயர்கள். அவற்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வெள்ளத்தாய் வாடகை வீட்டுக்குப் போனாள். தந்தையின் சொத்தில் மகளுக்குக் கிடைத்தது அந்தச் சுருள்.

இப்போது தறிக்கூடத்தை விரிவாக்க வல்லரசு வங்கிக் கடன் கேட்டிருக்கிறார். சொத்தில் சகோதரிக்கும் உரிமை உண்டு, அவள் தன் பங்கை விட்டு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தாலன்றிக் கடன் இல்லை என்று வங்கி கூறிவிட்டது. வீட்டில் எவருக்கும் நினைவில் இல்லாத மகளை வங்கி நினைவூட்டியது!

சென்ற வாரம் அவள் தாய்மாமனிடம் சொல்லியனுப்பிய நிபந்தனை ஒன்றே ஒன்று. வீடும் தறிக்கூடமும் பிளவக்கல் பக்கத்துத் தோட்டமும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி இரண்டையும் சேர்த்து எனக்குக் கொடுங்கள். அவை சேர்ந்து பாடுவதைக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன் என்றாள். இவ்வளவையும் இவ்வளவு எளிதாக விட்டுக்கொடுக்க அவளுக்கு எவர் பழக்கியது என்று நீங்கள் கேட்க வேண்டும். நாம்தான் பழக்கினோம். ‘ஆகட்டும்’ என்று பதில் வந்தது.

அந்த ‘ஆகட்டும்’ நிறைவேற வேண்டிய நாள் இன்று.

*

காலையில் இராஜபாளையத்துக் கிட்டங்கிக்கு வெள்ளத்தாய் வந்தபோது, வாசலில் குட்டியானை என்கிற சிறு சரக்கு வண்டி பின்பலகை திறந்து நின்றது. உள்ளே வல்லரசு தன் பங்குப் பெட்டியை அக்காளுக்கு இயக்கிக் காட்ட முனைந்தார். பெட்டியில் ஏதோ கோளாறு இருக்கிறது என்றும், தன்மேல் பழி போடக் கூடாது என்றும், முன்கூட்டியே சொல்லிவிடுவதாகவும் அவர் பேச்சு போனது. கைப்பேசியில் அந்தக் காதல் பாட்டைத் தேடி எடுத்து, ஏதோ ஒரு மெல்லிய வயரால் பெட்டியோடு இணைத்திருந்த ஆம்ப்ளிஃபயரில் செருகினார்.

ஆண் குரல் எழுந்தது. இத்தனை மாதத் தூசியிலும் அது நிறைந்து நின்ற குரல். ஒரு வரி பாடி முடித்தது. பிறகு, அவள் பதில் சொல்ல வேண்டிய இடத்தில், ஒன்றுமில்லை. தாளத்தின் ஓரம் மட்டும் தொலைவில் தட்டியது. மறுபடி அவன் கேட்டான். மறுபடி ஒன்றுமில்லை.

“இந்த மனுசன் யாரையோ கூப்பிட்டுக்கிட்டே இருக்காரு மதினி,” என்றாள் வல்லரசின் மனைவி கார்த்திகா. “ஒருத்தரும் ஏன்னு கேக்க மாட்டேங்காக. எனக்கே பாவமா இருக்கு.”

“பதில் சொல்லுதவ வில்லிபுத்தூர்ல இருக்கா,” என்றாள் வெள்ளத்தாய். “எங்க அண்ணன் வீட்டு மூலையில.”

கார்த்திகா சிரித்தாள். வல்லரசுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு ரிப்பேர்க்காரனைக் கூப்பிட்டுப் பெட்டியைப் பிரித்துப் பார்க்கச் சொல்லலாம் என்றிருந்ததாகக் கூறினார். நல்ல வேளை கூப்பிடவில்லை என்று வெள்ளத்தாய் பல்லைக் கடித்துக்கொண்டாள். கோளாறு பெட்டியில் இருந்தால்தானே பிரித்துப் பார்ப்பதற்கு!

இரண்டு ஆட்கள் பெட்டியையும் ஆம்ப்ளிஃபயரையும் வண்டியில் ஏற்றினார்கள். வெள்ளத்தாய் பாண்டேஜ் சுருள்களைச் சுற்றிலும் அணைவாக வைத்தாள். முன்னால் ஓட்டுநர் அருகே இடமிருக்கிறது என்று வல்லரசு சொன்னதை அவள் கேட்கவில்லை. பின்பலகை ஏறி, பெட்டியை அணைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முன்னே கார்த்திகா உட்கார்ந்தாள். வல்லரசு பைக்கில் பின்தொடர்ந்தார். வழியில் வேகத்தடை வரும்போதெல்லாம் வண்டிக்கு முன்பாக அவள் உடல் எழும்பி, பெட்டியின் எடையைத் தோளில் வாங்கியது. மேற்கே மலை உடன் வந்துகொண்டிருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை.

*

கருத்தப்பாண்டியின் வீட்டில் எல்லாம் ஆயத்தமாக இருந்தன. சோபாவின் நடுவில் தாய்மாமன் விஜயபாண்டி. எதிரே தட்டச்சு செய்த பத்திரம். அதன் பக்கத்தில் தாம்பாளம். தாம்பாளத்தில் அரக்கு நிறப் பட்டுச்சேலை, வெற்றிலை, பழம்.

பட்டுச்சேலை எதற்கு என்று வெளியூர் வாசகர்கள் கேட்கலாம். உரிமையை விட்டுக் கையெழுத்துப் போடும் மகளுக்குப் பிறந்த வீட்டார் தரும் சீர் அது. வீட்டையும் நிலத்தையும் எடுத்துக்கொண்டு, ஒரு சேலையைக் கொடுத்து, அதற்கு மரியாதை என்று பெயரிட்டிருக்கிறோம். அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு அவள் சிரித்த முகத்தோடு நிழற்படத்துக்கும் நிற்க வேண்டும்.

வெள்ளத்தாய் தாம்பாளத்தைக் கடந்து நேரே மூலைக்குப் போனாள். கொடியை விலக்கினாள். ஜாடியைத் தூக்கினாள்.

அவள் கை அப்படியே நின்றது.

ஜாடி இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு வட்டம். அதைச் சுற்றி வால்நட் மேற்பரப்பு பொருமி, பலகையை விட்டு எழுந்திருந்தது. அவள் விரல் வைத்ததும் ஒரு சில்லு அப்பளம்போல் உடைந்து வந்தது. ஜாடியின் அடியில் மயிரிழைக் கீறல். அதிலிருந்து கசிந்த நீர் பெட்டியின் முதுகு வழியே கீழே இறங்கிய தடம். முகத்தில் அவள் சாயம் முக்கிக் கட்டிய பாண்டேஜ் துணியில் பூஞ்சை பூத்திருந்தது.

அண்ணன் மனைவி அய்யம்மாள் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

“இதும்மேல தண்ணிய வைக்கலாமா மதினி?” வெள்ளத்தாயின் குரல் உயரவில்லை.

“ஒத்தப் பெட்டியக் கொண்டாந்து எறக்கிட்டுப் போனாக. பாடுதான்னு பாத்தேன், பாடல. பேசுதான்னு பாத்தேன், பேசல. பொறவு நா என்ன செய்யட்டும், செடிய வச்சேன். இது என்னன்னு இந்த வீட்ல ஒருத்தராவது எனக்குச் சொன்னாகளா?”

அவள் சொன்னதில் குற்றம் காண முடியாது. எவரும் சொல்லவில்லை. கணவருக்கே தெரியாத ஒன்றை மனைவிக்கு யார் சொல்வது? தமது பங்கு வந்து சேர்ந்துவிட்டது என்ற நிறைவோடு கருத்தப்பாண்டி அதைத் திரும்பியும் பார்த்ததில்லை. பங்கு என்பது பயன்படுத்துவதற்கு என்று அவர் எண்ணவில்லை. இன்னொருவர் கைக்குப் போகாமல் இருப்பதற்கு என்று எண்ணினார்.

பதிவு அலுவலகத்தில் பிற்பகலுக்கு டோக்கன் வாங்கியிருப்பதாகவும், கேட்பதைச் சீக்கிரம் கேட்டு முடிக்க வேண்டும் என்றும் அவர் சொன்னார். காக்கிக் கால்சட்டையும் பனியனுமாக, அரைநாள் விடுப்பில் நின்றார் அவர்.

வெள்ளத்தாய் வேலையைத் தொடங்கினாள். சோபாவைப் பின்னுக்குத் தள்ள வேண்டும் என்றாள். தாய்மாமன் முணுமுணுத்தபடி எழுந்தார். பெட்டியை மூலையிலிருந்து முன்னே இழுத்தாள். கார்த்திகா மறுபக்கம் பிடித்தாள். குட்டியானையிலிருந்து இறங்கிய இணைப்பெட்டியை எதிர்ப்பக்கம் நிறுத்தினாள். அடி வைத்து அளந்து, சற்றே உள்நோக்கித் திருப்பினாள். மேசை விரிப்புக்கு அடியில் கிடந்த பிளேயரை எடுத்துத் தூசி துடைத்து, ஊசியைத் தூரிகையால் நீவினாள். கடைசியாகத் தன் பையிலிருந்து அந்த வயர்ச் சுருளை எடுத்து அவிழ்த்தாள்.

பிரிவினைக்குப் பிறகு இன்றுதான் சீனிப்பாண்டியின் ‘ஃபாரின் சாமான்’ முழுதாக ஒரு கூடத்தில் நின்றது. அதைப் பிணைத்தது, பங்கில்லாத மகளின் வயர்.

“கல்யாண வீட்டு ரேடியோ செட்டு மாதிரில்ல அமர்க்களம் பண்ணுதா,” என்றார் தாய்மாமன். “ஏலே வல்லரசு, பந்திக்கு எல போடச் சொல்லு.”

வெள்ளத்தாய் ஊசியை இறக்கினாள்.

ஆண் குரல் வந்தது. இடப்பக்கத்திலிருந்து, காலையில் கேட்டதைவிடத் தெளிவாக. ஒரு வரி பாடியது.

அவள் கண்களை மூடினாள்.

பதில் வரவில்லை.

அவன் மறுபடி கேட்டான். வலப்பெட்டி வாய் திறக்கவில்லை. அவள் எழுந்து போய் அதன் முகத்தில் காதை வைத்தாள். கரப்பான் ஊர்வதுபோல் ஒரு கரகரப்பு, அதுவும் அடங்கியது. முதுகில் கையை விட்டு இணைப்புகளைத் திருகிப் பார்த்தாள். வெளியே வந்த விரல்களில் பச்சைக் களிம்பு ஒட்டியிருந்தது.

எல்லாரும் தன் முதுகைப் பார்க்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். தட்டில் கோளாறா, வயரில் கோளாறா, பெட்டியிலா என்று ஐயமறத் தெரிந்துகொள்ள வழி ஒன்று உண்டு. ஆம்ப்ளிஃபயரின் பின்புறம் குனிந்து, வலப்பெட்டியின் வயரைப் பிடுங்கி இடப்பக்கத் துளையிலும், இடப்பெட்டியின் வயரை வலப்பக்கத் துளையிலும் மாற்றிக் குத்தினாள். ஊசியை மீண்டும் தொடக்கத்தில் வைத்தாள்.

இப்போது ஆண் குரல் போன இடம் தெரியவில்லை. நீண்ட வெறுமை. அந்த வெறுமைக்குப் பின், வல்லரசின் பெட்டியிலிருந்து ஒரு பெண் மூச்சிழுத்தாள்.

மூச்சு மட்டும்தான் முதலில் கேட்டது. கூடத்தில் யாரோ புதிதாக வந்து நின்றதுபோல் அய்யம்மாள் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அந்தக் குரல் பாடியது. கேள்வி எங்கோ தொலைந்திருக்க, பதில் மட்டும் அத்தனை அழகோடு, அத்தனை உறுதியோடு வந்துகொண்டிருந்தது.

கார்த்திகா பெட்டியின் அருகில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“இம்புட்டு நாளும் இந்தம்மா பாடிக்கிட்டேதான் இருந்துச்சா மதினி?”

“பாடிக்கிட்டேதான் இருந்துச்சு,” என்றாள் வெள்ளத்தாய். “கேக்க வழியில்லாமப் பண்ணிட்டாக.”

தட்டு நன்றாக இருக்கிறது. வயர் நன்றாக இருக்கிறது. கெட்டது அண்ணன் வீட்டுப் பெட்டி. இரு குரல்களும் சேர்ந்து ஒலிக்க வேண்டும் என்ற ஒரே ஒரு விருப்பத்துக்காக எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்க வந்தவளுக்கு, அந்த ஒன்றையும் கெடுத்தே கொடுத்திருக்கிறார்கள். ஊசியைத் தூக்கி ஓரமாக வைத்தாள்.

கருத்தப்பாண்டி தொண்டையைச் செருமினார். கேட்டாயிற்று, இனிக் கிளம்பலாம் என்றார். வல்லரசு பத்திரத்தை எடுத்தார். அப்போதுதான் தாய்மாமன், தம் நியாய உணர்வு முழுவதையும் திரட்டிக்கொண்டு, இடையில் புகுந்தார்.

“இருங்கப்பா. பிள்ள ஆசப்பட்டுக் கேட்டுட்டா. ஒண்ணுமே குடுக்காம அனுப்பக் கூடாது. மூத்தவன் தன் பெட்டிய விட்டுக் குடுக்கட்டும். அது எப்படியும் பாடாது. எளையவன் பெட்டி ஓடுதுல்ல, அது அவன்கிட்டயே இருக்கட்டும். என்ன தாயி, சந்தோசந்தான?”

வாசகர்களே, இதைக் கேட்டீர்களா? இரண்டில் கெட்டது அவளுக்கு! நல்லது தம்பிக்கு! நனைத்து அழுக வைத்த பிறகு, அதைத் தானம் என்று நீட்டுகிறார்கள். சந்தோசமா என்றும் கேட்கிறார்கள்.

“ரெண்டையும் தாரோம்னுதான சொல்லிவிட்டீக மாமா.”

“சொன்னேன் தாயி. இவன் எம் பங்குங்கான். நா என்ன செய்ய?”

வெள்ளத்தாய் தம்பியைப் பார்த்தாள். வல்லரசு கண்களைத் தாழ்த்திக்கொண்டு, பதில் வராத பெட்டி என்பதால்தான் விட்டுக்கொடுக்கச் சம்மதித்ததாகவும், இப்போது பெண் குரல் வருவதைக் கேட்ட பிறகு வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றுவதாகவும் சொன்னார். ஒற்றைப் பெட்டி ஒரு நேரத்தில் ஒரு குரலைத்தான் பாடும் என்ற பாடத்தைப் பத்து நிமிடம் முன்புதான் அவர் கண்ணெதிரே நடத்தியிருந்தாள் அக்காள். பார்த்தும் அவருக்கு விளங்கவில்லை. பங்கு என்ற சொல் காதை அடைத்திருந்தது.

“பேனாவக் குடு,” என்றாள் வெள்ளத்தாய்.

வல்லரசு விரைந்து நீட்டினார். அவள் வாங்கினாள். மூடியைப் போட்டாள். தாம்பாளத்தில், வெற்றிலைமேல் வைத்தாள்.

“எல்லாரும் பங்கு பங்குன்னுதான பேசுதீக. நானும் பங்கே பேசுதேன். வீட்ல மூணுல ஒண்ணு எனக்கு. தறியில மூணுல ஒண்ணு. தோட்டத்துல மூணுல ஒண்ணு. அண்ணே, நீங்க சட்டம் படிச்சுப் போலீசானவுக. நாஞ் சொல்லுதது தப்புன்னா சொல்லுங்க.”

கருத்தப்பாண்டி தம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மகனையும் மகளையும் சட்டம் ஒரே வரிசையில் நிறுத்தியிருப்பது அவருக்குத் தெரியும். ஊரார் வீட்டுச் சண்டைகளில் அதை எடுத்துச் சொன்னவரும் அவரே. தம் வீட்டு வாசற்படி வரை வந்த சட்டத்தை வெளியிலேயே நிறுத்தி வைத்திருந்தார்.

வல்லரசு கொதித்தார். அப்பா சேர்த்த சொத்தைத் துண்டாடப் பார்க்கிறாள், கூடப் பிறந்தவளே கோர்ட்டுக்கு இழுக்கிறாள் என்றெல்லாம் குரல் ஏறியது. வெள்ளத்தாய் அமைதியாக அவர் பக்கம் திரும்பினாள்.

“போன மாசம் கார்த்திகா அண்ணன் வீட்ல பங்கு கேக்கணும்னு நீதான ஒத்தக் கால்ல நின்ன? கட்டுனவ பங்குன்னா இனிக்கு. அக்கா பங்குன்னா கசக்கோ?”

வல்லரசு பத்திரத்தைத் தாம்பாளத்தின் பக்கத்தில் திரும்ப வைத்தார்.

வெள்ளத்தாய் வயர்களைச் சுருட்டினாள். ஈரம் ஊறிய பெட்டியைத் துடைத்தாள். ஓட்டுநரைக் கூப்பிட்டாள். பொருமிய பலகை வண்டியில் உரசினால் மிச்சமும் பெயர்ந்துவிடும். சுற்றிக் கட்ட ஏதாவது வேண்டும். கொண்டுவந்த பாண்டேஜ் சுருள்கள் வண்டியிலேயே இருந்தன. கைக்கு எட்டும் தூரத்தில் தாம்பாளம் இருந்தது.

அரக்குப் பட்டுச்சேலையை உதறி விரித்தாள். பெட்டியின் தலையிலிருந்து கால்வரை இரண்டு சுற்றுச் சுற்றி, முந்தானையை இறுக்கி முடிச்சிட்டாள். “ஏட்டி, பட்டுட்டி அது” என்று அய்யம்மாள் பதறினாள். எழுந்த கையை அவளே கீழே போட்டாள். வெள்ளத்தாயின் முகத்தைப் பார்த்த பிறகு, தானே வந்து பெட்டியின் அடியைப் பிடித்தாள். பாவம், ஈரமான அடி. தன் வீட்டு ஜாடியின் ஈரம்.

நடை வாசலில் கருத்தப்பாண்டி வழியடைத்து நின்றார்.

“பெட்டிய வச்சிட்டுப் போ. அது எம் பங்கு.”

“வழிய விடுங்க அண்ணே. செத்த நேரம் முன்னாடி இது எனக்குத்தான்னு மாமா சொன்னாக. நல்ல பெட்டிக்கு நாள வாரேன். அதுக்கும் சேத்துப் பத்திரம் எழுதி வைங்க.”

அவர் நகரவில்லை. பட்டுடுத்திய பெட்டி பாதி உள்ளும் பாதி வெளியுமாக நிலைப்படியில் நின்றது. ஒருபுறம் ஓட்டுநரும் இரு பெண்களும். மறுபுறம் காக்கிக் கால்சட்டை. தாய்மாமன் இன்னொரு தீர்ப்புக்காகத் தொண்டையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

இவ்வளவுக்கும் நடுவே கார்த்திகா எழுந்திருக்கவில்லை. வல்லரசின் பெட்டிக்குப் பக்கத்தில், தரையில் உட்கார்ந்தபடியே, கைப்பேசியில் சுந்தரபாண்டியத்தில் இருக்கும் தன் அண்ணனை அழைத்துக்கொண்டிருந்தாள். சென்ற ஆண்டு ஒரு பட்டுச்சேலைக்குக் கையெழுத்திட்டுத் தந்தவள் அவளும்தான். அந்தப் பங்கைத் திருப்பிக் கேள் என்று கணவர் தூண்டியும் கேட்கக் கூசியிருந்தவள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுமுனையில் எடுத்தார்கள்.

“அண்ணே, நாந்தேன்,” என்றாள். “இவுக சொல்லிக் கேக்கல. எம் பங்க நானா கேக்கேன்.”

நிலைப்படியில் நிற்கிற பெட்டி எந்தப் பக்கம் போகும் என்று என்னைக் கேட்காதீர்கள். இதைப் படித்துக்கொண்டிருக்கும் உங்கள் வீட்டில் அது எந்தப் பக்கம் போயிற்று என்பதற்கு முதலில் விடை சொல்லுங்கள். தங்கையிடம் கையெழுத்து வாங்கிய அண்ணன் உங்களில் இருந்தால், இதழை மூடிவிட்டு இன்றே அவள் வீட்டு வாசலுக்குப் போங்கள். சேலையோடு போகாதீர்கள், பத்திரத்தோடு போங்கள். கையெழுத்திடப் போகும் தங்கை இருந்தால், நீட்டப்படும் பேனாவை வாங்குங்கள் அம்மா, வாங்கி மூடுங்கள். வீட்டில் மகளும் மகனும் இருப்பவர்கள் இருவரையும் எதிரில் உட்கார வைத்து, இன்றே உரக்கச் சொல்லுங்கள் யாருக்கு என்னென்ன பங்கு என்று. மகள் பதில் சொல்ல வேண்டிய இடம் வரும்போது, அவள் மூச்சிழுப்பது கேட்கும்வரை வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள்.